சமூக அறக்கட்டளைக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கீழைக்காற்று:
எங்கள் பகுதியில் ஒரு சமூக அறக்கட்டளை இருக்கிறது. ஒரு நோய்க்காகவோ ஒரு பள்ளிக்காகவோ தொடங்கியது இல்லை. பலர் தரும் பணத்தை ஒன்றாகச் சேர்த்து முதலீடு செய்து, அதில் வருவதை உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்கு மானியமாகப் பிரித்துக் கொடுக்கிற வகை. அதில் "மக்களைக் கொடுக்க வைக்கிற வேலையை நீ பார்" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

சிக்கல் இதுதான். ஒரு குழந்தைகள் இல்லம் போய்க் கேட்டால் உடனே கொடுக்கிறார்கள். நாங்கள் கேட்டால், "நீங்களாக ஒன்றும் செய்வதில்லையே, என்னிடம் வாங்கி இன்னொருவரிடம் கொடுக்கத்தானே போகிறீர்கள், அதை நானே நேராகக் கொடுத்துவிடுகிறேனே" என்கிறார்கள். நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது. குழுவில் உள்ளவர்களோ துண்டறிக்கை, விளம்பரப் பலகை, ஆண்டு விழா என்பதைத் தாண்டி யோசிக்க மறுக்கிறார்கள். இந்த வேலையை அருகிலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நல்ல வார்த்தைகள் வேண்டாம், எது உண்மையில் நடக்கிறது என்று மட்டும்.

ஏட்டுச்சுருள்:
இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது, தம்பி. முதல் சமூக அறக்கட்டளை 1914 ஜனவரியில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தொடங்கியது. தொடங்கியவர் ஃப்ரெடெரிக் கோஃப், வக்கீலாக இருந்து ஒரு வங்கியின் தலைவரானவர். பணக்காரர்கள் எழுதிவைத்துவிட்டுப் போன அறநிதிகள் காலப்போக்கில் அர்த்தமில்லாமல் போவதை அவர் அறிந்திருந்தார். எழுதியவர் சொன்ன தேவை மறைந்துவிடும், ஆனால் பணத்தை வேறு எதற்கும் தொட முடியாது, நீதிமன்றம் போக வேண்டும். அதனால் எல்லோர் பணத்தையும் ஒரே ஏற்பாட்டின்கீழ் வைத்து, செலவை ஊர்மக்கள் குழு ஒன்று முடிவு செய்யட்டும், பழைய நோக்கம் செத்துப்போனால் அந்தக் குழுவே மாற்றிக்கொள்ளட்டும் என்றார்.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து அவர் செய்தது. தொடங்கியபோது கையில் காசு கிடையாது. உயிலில் எழுதுவதாகச் சொன்னவர்கள் உயிரோடு இருந்தார்கள், பணம் வர வருடங்கள் ஆகும். சும்மா உட்காராமல் ஊரை ஆய்வு செய்யத் தொடங்கினார்கள். ஏழைகளுக்கு உதவி எப்படிப் போய்ச் சேருகிறது, பள்ளிக்கூடங்கள் எப்படி இருக்கின்றன என்று. பள்ளி ஆய்வு மட்டும் 25 பகுதிகளாக வெளிவந்தது. பிறகு 1922இல் நகரத்தின் நீதி நிர்வாகம் பற்றி ஓர் அறிக்கை, சட்ட அறிஞர்கள் ரோஸ்கோ பவுண்டும் ஃபெலிக்ஸ் ஃப்ராங்ஃபர்ட்டரும் வழிநடத்தியது.

ஆக, "நேராகவே கொடுத்துவிடுகிறேனே" என்பவருக்கு உங்கள் பதில் அங்கேதான் இருக்கிறது. தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் ஊரில் எந்தத் தெருவில் எந்த உதவி போகவே இல்லை என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்தால் உங்களிடம் வருவார். உங்களுக்கும் தெரியாது என்றால் அவர் சொல்வது சரி, நீங்கள் வெறும் தபால்காரர்தான்.

இரவல்குடை:
வரலாறு எல்லாம் சரி ஐயா. ஆனால் கசப்பான பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

சமூக அறக்கட்டளைகளின் பெருமையே "நிரந்தர நிதி". நூறு ரூபாய் கொடுத்தால் வருடத்துக்கு நாலைந்து ரூபாய் வெளியே போகும், மீதி பங்குச் சந்தையில் உட்கார்ந்திருக்கும். இன்றைக்குப் பசிப்பவனுக்கு இது என்ன பதில்? ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் இதை அன்றே எதிர்த்தார். 1917இல் நிதி தொடங்கியவர், தான் இறந்த 25 வருடத்துக்குள் அசலையும் சேர்த்துச் செலவழித்து முடித்துவிட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். 1932இல் இறந்தார், 1948இலேயே நிதி தீர்ந்து மூடப்பட்டது. இடையில் அமெரிக்கத் தெற்கில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறக்குறைய ஐயாயிரம் பள்ளிகள் எழ அவர் பணமும் காரணமாக இருந்தது.

அப்புறம் அந்த நன்கொடையாளர் ஆலோசனை நிதி, அதாவது அறக்கட்டளைக்குள்ளேயே கொடுப்பவருக்கென்று திறக்கும் தனிக் கணக்கு. பணம் போட்ட அன்றே முழு வரிச்சலுகையும் கிடைத்துவிடும், எந்தத் தொண்டு அமைப்புக்கு எப்போது தரலாம் என்று பிறகு ஆற அமரச் சொல்லலாம். அமெரிக்கச் சட்டத்தில் தனியார் அறக்கட்டளைகளுக்காவது வருடம் 5% செலவழிக்கும் கட்டாயம் இருக்கிறது, இந்தக் கணக்குகளுக்கு அதுவும் இல்லை. கொடுத்ததாகப் பெயர், யாருக்கும் போய்ச் சேராத பணம். கீழைக்காற்று, நீங்கள் ஊக்குவிக்கப்போவது கொடுப்பதையா, ஒதுக்கி வைப்பதையா என்று முதலில் உங்கள் குழுவையே கேளுங்கள்.

பேரேடு:
ஆடிட்டராகச் சில தொண்டு அமைப்புகளின் கணக்கைப் பார்க்கிறவள், அதனால் நடுவில் வருகிறேன்.

இரவல்குடை சொல்வதில் பாதி சரி. ஆனால் சமூக அறக்கட்டளை என்றாலே நிரந்தர நிதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கைமாறும் நிதி என்று ஒன்று உண்டு, வந்த பணம் சில மாதத்தில் அப்படியே வெளியே போய்விடும். பேரிடர் வரும்போது பெரும்பாலும் இந்த வழிதான். 2017இல் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டன் மேயர் அறிவித்த நிவாரண நிதியை நிர்வகித்தது அங்கே இருந்த சமூக அறக்கட்டளைதான். கணக்கு, வங்கி, தணிக்கை, மானியம் கொடுத்த அனுபவம் எல்லாம் ஏற்கெனவே இருந்ததால் அன்றைக்கே வேலையைத் தொடங்க முடியும். புயல் வந்தபிறகு அமைப்பைப் பதிவு செய்துகொண்டிருக்க முடியாது பாருங்கள்.

நிரந்தர நிதியின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் கொடுப்பவரிடம் மூடி மூடிப் பேசுகிறார்கள், அதுவே சந்தேகத்தைக் கிளப்புகிறது. 10 லட்சம் போட்டால், 4% விகிதத்தில் வருடம் 40,000 மானியமாகப் போகும். அதுவும் அந்த வருடச் சந்தை மதிப்பில் இல்லை, கடந்த மூன்று அல்லது ஐந்து வருடச் சராசரி மதிப்பில் கணக்கிடுவார்கள், இல்லாவிட்டால் 2008 மாதிரி சந்தை சரிகிற ஒரு வருடத்தில் எல்லா மானியமும் படுத்துவிடும். நிர்வாகக் கட்டணம் தனியாக 1%, சிலரிடம் 2% வரை. இதை முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். 25 வருடத்தில் அவர் போட்ட தொகை அளவுக்கு மானியம் வெளியே போயிருக்கும், அசலும் இருக்கும் என்று புரிகிறவர் போடுவார். இல்லை, எனக்கு இன்றைக்கே போக வேண்டும் என்பவருக்குக் கைமாறும் நிதியைக் காட்டுங்கள். இரண்டையும் மேசையில் வைக்காத அறக்கட்டளையை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று. "நேராகவே கொடுக்கிறேன்" என்பவரிடம் பணமாக இருந்தால் அவர் கொடுக்கலாம். பங்குகளாக, நிலமாக, காப்பீட்டுத் தொகையாக இருந்தால்? மூன்று பேர் நடத்துகிற குழந்தைகள் இல்லம் பங்குகளை வாங்கி விற்று ரசீது கொடுப்பதற்குள் திணறிப்போகும். அந்த வேலையை அறக்கட்டளை செய்து, பணத்தை அதே இல்லத்துக்கு அனுப்பலாம். அவர் ஐந்து அமைப்புகளுக்குக் கொடுக்க நினைத்தாலும் ஒரே கணக்கு, ஒரே ரசீது. பெயர் வெளியே தெரியக்கூடாது என்றால் அதற்கும் நடுவில் ஒருவர் வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பெரிய தொகை வருவது பெரும்பாலும் இந்த மாதிரி சின்ன வசதிகளால்தான்.

கீழைக்காற்று:
அக்கா, கட்டணத்தை முதலிலேயே சொன்னால் ஓடிவிடுவார்கள் என்று எங்கள் குழுவில் ஒருவர் பிடிவாதமாக இருக்கிறார். அதை என்ன செய்ய?

பேரேடு:
ஓடுகிறவர் பிறகு தெரிந்தாலும் ஓடுவார், போகும்போது நாலு பேரிடம் சொல்லிவிட்டு ஓடுவார். இப்போதே ஓடட்டும்.

வாய்தா:
வக்கீல் தொழிலில் இருக்கிறேன். யாரும் தொடாத ஒரு வழியைச் சொல்கிறேன். நீங்கள் கொடுப்பவர்களைத் தேடி அலையாதீர்கள், அவர்கள் எப்படியும் போய் உட்காருகிற இடம் இரண்டு மூன்றுதான்: உயில் எழுதும் வக்கீல், ஆடிட்டர், முதலீட்டு ஆலோசகர். அந்த மேசைகளுக்குப் போங்கள்.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. பிரிட்டனில் அரசு தொடங்கிய நடத்தை ஆய்வுக் குழு ஒன்று 2013இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. தொலைபேசியில் உயில் எழுதித் தரும் ஒரு சட்டச் சேவையில் நடந்தது. ஒன்றுமே கேட்காதபோது தொண்டுக்கு ஏதாவது எழுதியவர்கள் 5%. "தொண்டுக்கு ஏதாவது விட்டுச்செல்ல விரும்புகிறீர்களா" என்று ஒரு வாக்கியம் கேட்டதும் 10%ஐத் தாண்டியது. "எங்களிடம் வருகிறவர்களில் பலர் தொண்டுக்கு எழுதிவைக்க விரும்புகிறார்கள், உங்கள் மனதுக்கு நெருக்கமான விஷயம் ஏதாவது உண்டா" என்று மாற்றிக் கேட்டபோது 15%க்கு மேல். மூன்று மடங்கு! துண்டறிக்கை இல்லை, விழா இல்லை, ஒரு வாக்கியம்.

வக்கீல்கள் ஏன் கேட்பதில்லை தெரியுமா? கஞ்சத்தனம் இல்லை. கட்சிக்காரர் "சரி, யாருக்கு எழுதலாம்?" என்று திருப்பிக் கேட்டால் எங்களிடம் பதில் இருக்காது. நானே ஓர் அமைப்பின் பெயரைச் சொல்லி அது நாளைக்கு மூடிப்போனால் என் தலையில் விழும். இந்த இடத்தில்தான் சமூக அறக்கட்டளை எங்களுக்கு உதவும். "ஊரின் முதியோர் நலனுக்கு" என்று எழுதினால் போதும், எந்த அமைப்பு என்பதை அந்தந்த வருடம் குழு பார்த்துக்கொள்ளும். உயிலில் சேர்க்க வேண்டிய பத்தியின் மாதிரியை அச்சடித்து ஒவ்வொரு வக்கீலிடமும் கொடுத்துவிடுங்கள். ஒரே எச்சரிக்கை: தாராளமாக எழுதச் சொல்லி அழுத்தம் கொடுக்கக் கூடாது, பிள்ளைகள் வழக்குப் போடுவார்கள், போடவும் வேண்டும்.

எண்சுவடி:
சோதனை என்று பேச்சு வந்ததால் "ஈடுநிதி" பற்றியும் சொல்கிறேன், எல்லாக் குழுவும் முதலில் பிடிப்பது அதைத்தான். நீங்கள் ஒன்று கொடுத்தால் ஒரு பெரியவர் இன்னொன்று போடுவார் என்கிற முறை.

டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதில் பிரபலம். ஓர் அமெரிக்கத் தொண்டு அமைப்பின் முந்தைய நன்கொடையாளர்களில் 50,000 பேருக்கு மேல் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். ஈடு உண்டு என்று எழுதிய கடிதங்களுக்கு, ஒரு கடிதத்துக்குக் கிடைத்த வரவு 19% அதிகம், கொடுக்கிறவர் விகிதம் 22% அதிகம். சுவாரசியம் என்னவென்றால் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று ஏற்றிப் பார்த்ததில் பெரிய வித்தியாசமே இல்லை. ஆகவே பெரியவர் தருவதை ஒன்றுக்கு ஒன்று என்றே வைத்து நாலு தடவை பயன்படுத்துங்கள், ஒரே தடவையில் மூன்று மடங்கு என்று எரித்துவிட வேண்டாம்.

ஆனால் இதற்கு எதிரான முடிவும் இருக்கிறது. ஸ்டெஃபன் ஹக், இம்ரான் ரசூல் என்ற பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் மியூனிக் இசைநாடக அரங்கின் பார்வையாளர்களிடம் செய்த சோதனை. "ஒருவர் ஏற்கெனவே 60,000 யூரோ கொடுத்துவிட்டார்" என்று மட்டும் சொன்னபோது சராசரி நன்கொடை 74 யூரோவிலிருந்து 132 யூரோவுக்குப் போனது. அதே தொகையை ஈடாக அறிவித்தபோது ஜனங்கள் தம் பையிலிருந்து எடுத்தது அந்த 132 யூரோவைவிடக் குறைந்தது. என் சொந்த ஊகம், புது ஆட்களை இழுக்க ஈடு உதவும். ஏற்கெனவே நம்புகிற கூட்டத்திடம் "இன்னார் முதலில் போட்டிருக்கிறார்" என்பதே போதும்.

மணல்வீடு:
கொடை நாளை விட்டுவிட்டீர்களே. ஒரே நாள், 24 மணி நேரம், ஊரின் எல்லா அமைப்புகளும் ஒரே இணையப் பக்கத்தில், யார் எவ்வளவு திரட்டினார்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 2009 நவம்பரில் முதல்முறை நடத்தியபோதே 1.4 கோடி டாலர் வந்தது. டெக்சாஸின் வடபகுதியிலும் அதே வருடம் தொடங்கினார்கள். இன்னும் நடக்கிறது.

இரவல்குடை:
2016 மே மாதம் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்களேன். பல ஊர்களின் கொடை நாள் ஒரே தேதியில், ஒரே நிறுவனத்தின் மென்பொருளில். காலையிலேயே தளம் படுத்துவிட்டது, கொடுக்க வந்தவர்கள் கார்டு எண்ணைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது போகட்டும், தொழில்நுட்பக் கோளாறு. என் குறை வேறு. அந்த ஒரு நாளில் கொடுத்தவர்கள், அந்த வருடம் வழக்கமாகக் கொடுப்பதைத்தான் அன்றைக்குச் சேர்த்துக் கொடுத்தார்களா, கூடுதலாகக் கொடுத்தார்களா? பட்டியலில் மேலே வருவது யார்? விளம்பர ஆள் வைத்திருக்கும் பெரிய அமைப்பு. மூன்று பேர் நடத்துகிற இல்லம் அன்றைக்கும் கடைசியில்தான்.

மணல்வீடு:
கடைசியில் இருந்தாலும் அன்றைக்குத்தான் அவர்கள் இணையத்தில் பணம் வாங்கவே கற்றுக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய மாதம் அறக்கட்டளை நடத்தும் பயிற்சிதான் அதில் உருப்படியான பகுதி என்பேன். வந்த பெயர்களுக்கு மறுநாள் நன்றி எழுதாமல் விட்டால் எல்லாம் வீண், அதை ஒத்துக்கொள்கிறேன்.

சின்னக்குயில்:
எல்லோரும் பெரிய ஆட்களையே பேசுகிறீர்கள். கனடாவின் வின்னிபெக்கில் 1921இல் வில்லியம் ஆல்லவே என்ற வங்கியாளர் ஒரு லட்சம் டாலர் கொடுத்துச் சமூக அறக்கட்டளையைத் தொடங்கினார். அடுத்த நன்கொடை 1924இல்தான் வந்தது. ஓர் உறை, உள்ளே மூன்று ஐந்து டாலர் தங்க நாணயங்கள், பெயர் இல்லை, "விதவையின் காணிக்கை" என்று மட்டும் எழுதியிருந்தது. 15 டாலர். ஒரு லட்சத்தோடு அதே கணக்கில் அதையும் சேர்த்தார்கள். இன்றுவரை அந்த அறக்கட்டளை தன் கதையைச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பெரிய தொகை கொடுத்தவரோடு மட்டும் படம் எடுத்துப் போடுகிற குழுக்கள் இதைக் கவனிக்கட்டும்.

கொடை வட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதைச் செய்து பாருங்கள். சின்சினாட்டியில் 2001இல் பெண்கள் தொடங்கியது பிரபலம்: ஒவ்வொருவரும் வருடம் 1,000 டாலர், நூறு பேர் சேர்ந்தால் ஒரு லட்சம், அதை எந்த அமைப்புக்குத் தருவது என்று ஆளுக்கு ஒரு வாக்கு. தொகையை உங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி சிறிதாக்கிக்கொள்ளலாம். இதில் பணத்தைவிட முக்கியம், விண்ணப்பங்களைப் படித்து, அமைப்புகளைப் போய்ப் பார்த்து, தங்களுக்குள் சண்டை போட்டு முடிவு செய்கிறார்கள் பாருங்கள், அதற்கப்புறம் அவர்கள் ஊரைப் பார்க்கிற பார்வையே வேறு. ஒரு முறை விண்ணப்பம் படித்தவர் பிறகு தனியாகவும் கொடுப்பார், தன்னார்வலராகவும் போவார்.

பிள்ளைகளுக்கும் இதுதான். மிச்சிகனில் 1990களின் தொடக்கத்தில் கெல்லாக் அறக்கட்டளை அங்குள்ள சமூக அறக்கட்டளைகளுக்கு ஈடுநிதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தது: இளைஞர் நிதி ஒன்று வேண்டும், அதன் மானியத்தைப் பதின்வயதுப் பிள்ளைகள் குழு முடிவு செய்ய வேண்டும். பெயருக்கு உட்காரவைப்பது இல்லை, உண்மையான பணம்.

ஏட்டுச்சுருள்:
ஈடு என்றால் தனி மனிதர்கள் மட்டும் இல்லை என்பதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் லில்லி எண்டோமென்ட் என்ற பெரிய அறக்கட்டளை 1990இல் இப்படி ஒரு திட்டம் தொடங்கியது, இன்று அங்குள்ள 92 மாவட்டங்களுக்கும் சமூக அறக்கட்டளையின் சேவை இருக்கிறது. மேலே உள்ள பெரிய அறக்கட்டளை சின்னதற்கு ஈடு கொடுக்க, சின்னது ஊராரிடம் போய்ப் பேச ஒரு காரணம் கிடைக்கிறது. கீழைக்காற்று, அப்படி யாராவது அருகில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

வாய்தா:
ஒரு விஷயம் விட்டுப்போனது. கொடுப்பவரின் நிபந்தனையை எந்த அளவுக்கு ஏற்பது? பணம் வருகிற அவசரத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள். பெரில் பக் வழக்கைப் படியுங்கள். 1975இல் இறந்த அந்த அம்மா, கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்துக்கு மட்டும் செலவழிக்க வேண்டும் என்று தன் எண்ணெய் நிறுவனப் பங்குகளை சான் ஃபிரான்சிஸ்கோ அறக்கட்டளையிடம் விட்டுப்போனார். அப்போது சுமார் ஒரு கோடி டாலர் மதிப்பு. 1979இல் அந்த நிறுவனத்தை ஷெல் வாங்கியதும் அது 25 கோடிக்கு மேல் போய்விட்டது. மரின் மாவட்டமோ பணக்கார இடம், பக்கத்திலேயே தேவை அதிகமுள்ள இடங்கள். மற்ற மாவட்டங்களுக்கும் செலவழிக்க அனுமதி கேட்டு அறக்கட்டளை 1984இல் நீதிமன்றம் போனது, பெரிய கூச்சல், 1986இல் வழக்கு தோற்றது, பணம் புதிதாக உருவான மரின் சமூக அறக்கட்டளைக்குப் போனது.

நியாயம் யார் பக்கம் என்று இன்றைக்கும் வக்கீல்கள் அடித்துக்கொள்கிறோம். என் கட்சி: அந்த அம்மா தெளிவாக எழுதியிருந்தார், கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் எழுதும் முன்பே யாராவது அவரிடம் உட்கார்ந்து, "தொகை பெரிதாகிவிட்டால் பக்கத்து மாவட்டத்துக்கும் தரலாமா?" என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

கீழைக்காற்று:
நிறைய கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தில் விளம்பரப் பலகைக்கு ஒதுக்கிய தொகையை நிறுத்தச் சொல்லப் போகிறேன். அதில் பாதியில் ஊரின் தேவைகளைப் பற்றி ஒரு சின்ன ஆய்வு, மீதியில் ஒரு கொடை வட்டத்தைத் தொடங்கும் செலவு. வக்கீல்களுக்கான மாதிரிப் பத்தியை வாய்தா சார் பார்த்துத் திருத்தித் தருவாரா?

வாய்தா:
அனுப்புங்கள், பார்க்கிறேன். உங்கள் நாட்டு அறக்கட்டளைச் சட்டம் தெரிந்த ஒருவரிடமும் காட்டிவிடுங்கள், நோக்கத்தை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை.

இரவல்குடை:
ஆய்வு செய்தால் முடிவை அப்படியே வெளியிடுங்கள், உங்கள் குழுவில் இருப்பவர்களுக்குப் பிடிக்காதது இருந்தாலும். அதைச் செய்தால் நானே ஒரு தொகை அனுப்புகிறேன். கைமாறும் நிதிக்கு மட்டும்.

பேரேடு:
ரசீதில் அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இரவல்குடை.